மஞ்சள் பூ பூக்கும் ஸ்ட்ராபெரி

க்யூர்ப்பீப், மொரீஷியஸ்
4 ஜூலை 1987

அன்புள்ள தியாகு அவர்களுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இங்கே வந்தபின் எழுதும் முதல் நீளக் கடிதம் வேலை விஷயமாக இருக்கிறதே என்று வருந்தாதீர்கள். மனைவி கேட்பதாக வேண்டாம், உங்கள் தாவரவியல் மாணவி ஒருத்தி கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் துணி ஆலையில் குழந்தைகள் கவுனுக்கு ஸ்ட்ராபெரிக் கொடி வரைகிறேன். இந்த ஊரில் மழை ஓய்வதே இல்லை. ஊட்டி மாதிரி மேகம் தெருவில் இறங்கி நடக்கிறது. நேற்று அந்த மேகத்துக்குள், வேலியோரம் சிவப்புப் பழங்கள். ஸ்ட்ராபெரியேதான்! பூ மட்டும் மஞ்சள். தையல் பிரிவு ஜோசெட், "சான் கூ, சான் கூ" என்று கையை உதறினாள். ருசி கிடையாதாம். தின்று பார்த்தேன், தண்ணீரை மென்றது போலிருந்தது. இது என்ன?

ரமாமணி


ஊட்டி
20 ஜூலை 1987

என் ரமா,

'அவர்களுக்கு' என்று போட்டு என்னை நீதிபதி ஆக்கிவிட்டாய். போகட்டும், எழுதினாயே.

நீ தின்றது ஸ்ட்ராபெரி அல்ல, அதற்குத் தூரத்து உறவு. காட்டு ஸ்ட்ராபெரிக்குப் பூ வெள்ளை. அதிலும் பல ஜாதி. இங்கே பங்களா ஓரங்களில் படர்ந்திருக்கும் ஐரோப்பாக்காரிக்குப் பழம் சின்னது, சற்றே நீளம், விதைகள் தோலுக்கு மேலே துருத்தி நிற்கும். வட அமெரிக்காக்காரிக்கு விதைகள் குழிக்குள் பதுங்கியிருக்கும். நம் நீலகிரிக்காரிக்கு இலை தடிமன், காம்பெல்லாம் ரோமம். பழுத்தாலும் வெளுத்தே இருப்பாள். காய் என்று நினைத்து எல்லோரும் தாண்டிப் போவார்கள். குனிந்தால்தான் மணம் தெரியும்.

டிசம்பரில் உன் ஒப்பந்தம் முடிகிறதல்லவா? வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்லட்டுமா?

உன்
தியாகு


க்யூர்ப்பீப்
12 செப்டம்பர் 1987

அன்புள்ள உங்களுக்கு,

எல்லா ஜாதியையும் ஒரே கொடியில் வரைந்துவிட்டேன். மஞ்சள் பூவையும் விடவில்லை.

கனவில்தான் வந்தது. மேகத்துக்குள் நடக்கிறேன். கால் படும் இடமெல்லாம் கொடி. ஒரு கணுவில் சிவப்பு, அடுத்ததில் வெள்ளை. யாரும் பேனாவோடு வந்து திருத்தவில்லை. விழித்ததும் முகம்கூடக் கழுவாமல் வரைந்தேன்.

மேலாளர் பியெரெட், "பழுக்காததை யார் வாங்குவார்கள்?" என்றாள். "இது பழுத்ததுதான். நிறமே இப்படித்தான்" என்றேன். ஊட்டியில் ஒருநாளாவது இப்படிப் பேசியிருக்கிறேனா? அவள் படத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்றாள். துணி அச்சுக்குப் போய்விட்டது.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரமா


ஊட்டி
3 அக்டோபர் 1987

என் ரமா,

ஒரே கொடியில் பல ஜாதி காய்க்காது. இப்படி எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், நான் இப்படித்தான் என்று உனக்குத் தெரியாதா!

நேற்று மாணவர்களோடு தொட்டபெட்டா சரிவுக்குப் போனேன். ஈரப் புல்லுக்குள் ஒரு வெள்ளைப் பழம். பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். ஏனோ சொல்லவில்லை. பனி வந்து மூடும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளையடிப்பது பற்றிக் கேட்டிருந்தேன். நீ ஒன்றும் எழுதவில்லை.

தியாகு


க்யூர்ப்பீப்
8 நவம்பர் 1987

அன்புள்ள உங்களுக்கு,

ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் மூன்று வருஷம். அதற்குப் பிறகு வருவேன் என்று எழுதப் பார்த்தேன், கை ஓடவில்லை.

உங்கள்மேல் கோபம் இல்லை. காலையில் ஆலைக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னல் கண்ணாடியில் தெரிகிற முகம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதை விட்டுவிட்டு வர மனசில்லை.

கோடை விடுமுறைக்கு வாருங்கள். கூட்டிப்போக இல்லை, பார்க்க.

ரமா


ஊட்டி
22 டிசம்பர் 1987

ரமா,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது.

விடுப்புக் கேட்கப் போனேன். கல்லூரி முதல்வர் சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் எப்ப திரும்புறீங்க?" என்றார்.

"நான் மட்டுந்தான் சார்."

சொல்லும்போது குரல் உடையும் என்று பயந்திருந்தேன். உடையவில்லை. அவர்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

மே மாதம் அங்கே குளிருமா? ஸ்வெட்டர் எடுத்து வரட்டுமா?

தியாகு