சத்தமில்லாத அரை மணி

ஜூலை 7, திங்கள்
ஆடி பிறக்கும் முன்பே காற்று. செக்காலையிலிருந்து பிள்ளைகள் இல்லத்துக்கு, டியூஷன் எடுக்க, நடந்தே போனேன். துப்பட்டா முழுக்கப் புழுதி. வாங்க வேண்டியது: சாக்பீஸ், ரப்பர் நான்கு, சேஃப்டி பின்.
மாலை ஆறு மணிப் படிப்பு. இருபது பிள்ளைகளும் சேர்ந்து உரக்க வாசிக்க வேண்டும். இல்லத்து வழக்கம். சத்தம் குறைந்தால் ஆபீஸ் அறையிலிருந்து வார்டன் அம்மா குரல்: "என்ன, சத்தத்தைக் காணோம்?"
எனக்கு அது தகரத்தில் விழும் மழை. என் கண்கள் பாதி மூடியிருந்தன. வள்ளியின் குரல் மட்டும் தனியாக மிதந்து வந்தது. ஐந்தாம் வகுப்பு. யானைப் பாடம், தடுமாறாமல், அழகாக. எட்டிப் பார்த்தேன். பழைய புத்தகம், யானைப் பாடத் தாளே கிழிந்து காணாமல் போயிருந்தது. அவள் விரல் அடுத்த பாடத்துக் கிணற்றுப் படத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது.

ஜூலை 8, செவ்வாய்
தூறல். மண் நனையவில்லை.
வள்ளியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். 'ம' மட்டும் தெரிகிறது. "மத்ததெல்லாம் காதுல விழுந்தா மனசுல நின்னுரும்க்கா." பிறகு, "வார்டன் அம்மாட்ட சொல்லிராதீக."
கதவோரம் ஒட்டுக் கேட்ட இன்னொரு பிள்ளை, ஜோதி: "அவ கண்ணை மூடிக்கிட்டே படிப்பாக்கா. நீங்க கண்ணைத் தொறந்துகிட்டே தூங்குவீக."
போன மாதக் குறிப்பேட்டில் என் கையெழுத்து: வள்ளி, வாசிப்பு நன்று.
அடுத்த வருஷம் பெரிய பள்ளி. அங்கே யாரும் சேர்ந்து வாசிக்க மாட்டார்கள்.
சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் இப்படித்தான். எழுத்து தெரியாத அம்மாவுக்கு என் சத்தம்தான் சாட்சி. ஒரே பாடத்தை வாரம் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அடுப்படியில் அம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

ஜூலை 9, புதன்
வள்ளிக்கு 'ர'. கூச்சலில் பாதி கேட்கவில்லை.
அனுமதி கேட்க ஆபீஸ் வாசல் வரை போனேன். செருப்பைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஜூலை 10, வியாழன்
கேட்டுவிட்டேன். தினம் அரை மணி, சத்தம் இல்லாமல். வள்ளி பெயரைச் சொல்லவில்லை.
"சத்தம் இல்லாட்டி படிக்கிறாகளா தூங்குறாகளான்னு எனக்கு எப்படி டீச்சர் தெரியும்?"
"நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்ல."
என் குரல்தானா அது.
"சரி. இந்த வாரம் மட்டும் பாப்போம்."

ஜூலை 11, வெள்ளி
காற்று இல்லை. மின்விசிறிக்கு ஒரு சத்தம் உண்டு என்று இன்றுதான் தெரிந்தது. கூரையில் வேப்பம்பழம் விழும் சத்தமும்.
படம் இல்லாத துண்டுச்சீட்டில் ஒரு சொல் எழுதி வள்ளி முன்னால் வைத்தேன். விரல் முதல் எழுத்தில். அடுத்ததில் நெடுநேரம். இரண்டு பழம் விழுந்தது. உதடு மட்டும் அசைந்தது.
"மரம்."
பழக்க தோஷத்தில் ஆபீஸிலிருந்து: "என்ன, சத்தத்தைக் காணோம்?"
நான் வாய் திறப்பதற்குள் வள்ளி, விரலை எடுக்காமல்:
"படிச்சுக்கிட்டு இருக்கோம்மா."