குடிலுக்குக் கிடைத்த மோட்டார்

22-12-1968, ஞாயிறு. ராயபுரம்.

எங்கள் தெருக் கிறிஸ்துமஸ் குடிலில் விண்மீன்கள் நகர்வதுபோல் வெளிச்சம் காட்டவேண்டும் என்று ஒரு பால் டின் முழுக்க உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஒட்டியிருந்தேன். காலையில் அதை மேசை விசிறியின் மோட்டாரில் மாட்டி டார்ச் அடித்தேன்.

"இன்னாபா, நட்சத்திரமெல்லாம் ரயிலப் புடிக்க ஓடுது? தல சுத்துது!" என்று பக்கத்து வீட்டு அந்தோணி சிரித்தான்.

மெதுவாகச் சுற்றும் மோட்டார் எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு, மகள் ரீட்டாவின் ரெக்கார்டு பிளேயரில். அவள் கல்யாணமாகி பம்பாய் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. மனைவி மேரியிடம் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அது அவ பொருளு. அத்தப் பிரிக்காதய்யா."

நான் டின்னை ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். மதியம் அவளே தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். "ஒடைக்காம செய்யி," என்றாள்.

மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகளை மட்டும் பிரித்துத் தனிப் பிளக்கில் கொடுத்தேன். தட்டின்மேல் டின்னை நிறுத்தி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் வைத்தேன். சன்னலைச் சாத்தி டார்ச் அடித்ததும் வெளிச்சப் புள்ளிகள் சுவரில் மெல்ல நகர்ந்தன. முன்பெல்லாம் இந்தத் தட்டு சுற்றினால் ரீட்டா கூடமெல்லாம் ஆடுவாள். மேரி மீன் கழுவிய கையோடு வந்து திட்டுவாள்.

"பாட்டே இல்லாம சுத்திகினு கீது பாரு," என்று மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் நிறுத்தப் போனேன்.

"வுடுய்யா. இன்னும் கொஞ்சம் சுத்தட்டும்."

நாளை குடிலுக்கு எடுத்துப்போகவேண்டும். இப்போதும் மேரி கூடத்தில் அதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படுக்க வா என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.