நாற்பத்தொன்றாம் எண் ஒலிப்பதிவு

வெவே, நவம்பர் 9

அன்பு மகள் ஓடிலுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். மான்ட்ரியால் குளிர் உன்னை அதிகம் படுத்தாமல் இருக்கட்டும். கோர்வையாக எழுத வராதோ என்ற பயத்தில் முதலிலேயே வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. அம்மாவின் முழங்கால்.
2. நான் கேட்ட ஒலிப்பதிவு.
3. அதில் நீ சொன்னது யாருக்கும் உதவவில்லை என்பது.

முழங்கால் தேவலை, படி ஏறுகிறாள். இரண்டாவதுதான் மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவிடவில்லை. ராணுவத் தேர்வுக்கு லோசான் நகருக்கு வரும் பையன்களில் அதிகம் குடிப்பவர்களோடு நீ ஆலோசகராக இருபது இருபது நிமிடம் பேசினாயே, அந்தப் பழைய பதிவுகளைக் கேட்டு ஆலோசகரின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குறி போடும் வேலையை ஓய்வுக்குப் பின் எனக்கு ஆய்வாளர்கள் தந்திருக்கிறார்கள். யார் எப்படிப் பேசினால் பையன்கள் குடியைக் குறைக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். பதிவில் பெயர் இருக்காது, எண் மட்டும். நாற்பத்தொன்றில் உன் குரல். சொந்த மகளின் பதிவு என்று உடனே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. பையன் உன்னைச் சீண்டுகிறான்: "உங்களுக்கென்ன மேடம், ஆப்பிள் ஜூஸ் குடிச்சு வளர்ந்த வீடு போல!" நீ சிரித்துக்கொண்டே, "எங்க வீடா? எங்கப்பா தினமும் ஏழு மணிக்கு ஒயினை ஜாடில அளந்து ஊத்திக் குடிப்பாரு. அளந்து குடிச்சா குடிகாரன் இல்லன்னு அவருக்கு நினைப்பு. மூணாவது ஜாடிக்கு அப்புறம் நாங்க யாரும் அவர்கிட்ட பேச மாட்டோம்" என்றாய். இத்தனை வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம் ஓடில், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, யாரோ ஒரு பையனிடம் சொன்னாய். அம்மாவிடம் முறையிட்டேன். உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவ சொன்னதுல எதுங்க பொய்?" என்றாள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆலோசகர் சொந்தக் கதை பேசக் கூடாது என்பது விதி; தவறு என்று குறி போட்டு, பதிவை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

இதுவரை எழுதிய பிறகு, பாதி கேட்டதற்குக் குறி போடுவது முறையல்ல என்று உறுத்தியதால் மிச்சத்தையும் கேட்டேன். நீ சொன்னதைக் கேட்டதும் அவன், "நானும் அளக்குறேன் மேடம், வெள்ளி சனி மட்டும்னு. என் தங்கச்சியும் என்கிட்ட பேசறதில்ல. குறைக்கணும்" என்கிறான். அதற்கு முந்தைய பதினான்கு நிமிடத்தில் ஒருமுறைகூட அவன் "குறைக்கணும்" என்று சொல்லவில்லை.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், மறக்காமல் போட்டுக்கொள். எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். எனக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் மேலே வரிசையில் மூன்றாவதாக நான் எழுதியது தவறு.

உன் அப்பா
எட்மோன்