முகத்தில் பசை

ஞாயிறு, இரவு

நாளை மகள் ஷாலினி வேலைக்காகப் புனே போகிறாள். அவளிடம் கொடுத்தனுப்ப ஓர் ஆல்பம் செய்துகொண்டிருக்கிறேன். அதற்காகவே ஒரு குட்டி ஸ்டிக்கர் மெஷின் வாங்கினேன். படத்தை முகம் மேலே தெரிய உள்ளே விட்டு இழுத்தால், பின்பக்கம் பசையோடு வரும்.

"நீ வெட்டு, நான் இழுக்கறேன்" என்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். ஒன்றாம் வகுப்பு யூனிஃபாரத்தில் அவள் முன்பல் இல்லாமல் சிரிக்கும் படம், இருப்பதே ஒன்றுதான். அதைக் கவிழ்த்து விட்டுவிட்டார். முகமெல்லாம் பசை.

"பொம்மனஹள்ளில பாதி காருக்கு ஸ்டிக்கர் ஒட்டுனவரு நீங்க. இது தெரியலையா?" என்று கத்திவிட்டேன்.

"கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டறதுக்கு முகத்துலதானே பசை இருக்கணும். அந்தப் பழக்கத்துல விட்டுட்டேன்" என்றார்.

பிறகு எழுந்துபோய், சமையலறை அலமாரிக் கண்ணாடியின் உட்புறம் அதை ஒட்டி, கட்டைவிரலால் மெதுவாக நீவினார். வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று சிரிக்கிறாள்.

ஆல்பத்தில் அந்த இடம் காலியாகவே போகிறது. கைப்பழக்கம் என்கிறார். கடையில் இத்தனை வருஷத்தில் ஒரு ஸ்டிக்கரைக்கூட அவர் மாற்றி ஒட்டியதில்லை.