வாடிய பாத்திக்குக் காவல்

வானவடி, புனே
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து

அன்பு ரெனிட்டாவுக்கு,

உன் ஆஸ்டின் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் நலம். உன் சூரியகாந்திகள் தலை தொங்கி, இலை கருகி, நீ வரைய ஆசைப்பட்டபடியே இருக்கின்றன. மாமாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? உன் அப்பா அந்தப் பக்கவாதம் வந்த கையைக் கொஞ்சமாவது அசைக்கிறாரா? கஞ்சி சிரமமில்லாமல் இறங்குகிறதா? இன்று ஆலயத்தில் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். இங்கே கட்கி பாக்டரியில் முன்பு அவரோடு வேலை பார்த்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்தார்கள்.

போனில் பேசினால் நீ பாதியில் அழுகிறாய், நான் உடனே பேச்சை மாற்றிவிடுகிறேன். அதனால்தான் கடிதம். சாகண் கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் அருண்ராஜ் நாளை தூத்துக்குடிக்கு ரயில் ஏறுகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். புனேயிலேயே படித்த உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பரவாயில்லை, மெதுவாகவே வாசி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாத்தியை முழுக்கப் பிடுங்கிவிட்டு மஞ்சள் செவ்வந்தி நடச் சொன்னாய், இனிமேல் வரையப் போவதில்லை என்றும் சொன்னாய். நான் சரி சரி என்றேன். ஒரு செடியைக்கூடத் தொடவில்லை. வனஜா அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. அண்ணன் விழுந்த துக்கத்தில், "காஞ்சு போன பூவையே படம் போட்டுட்டு இருந்தா வீடு எப்படிட்டீ வெளங்கும்" என்று கேட்டுவிட்டார். ஆனால் மாமா இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் போடாமல் ஏமாற்றிக்கொண்டு திரிந்ததற்கு, வானவடியில் இருக்கிற சூரியகாந்தி என்ன செய்யும்? நீயும் அதை நம்பிவிட்டாயே என்பதுதான் எனக்கு வருத்தம்.

இங்கேயும் அந்தப் பாத்திக்கு ஆபத்து வந்தது. சுற்றியுள்ள குடியிருப்பு சொசைட்டிகளுக்குள் தோட்டப் போட்டி வைத்திருந்தார்கள் அல்லவா? நம் சேர்மன் கர்னல் சாகேப் முந்தின வாரம் சனிக்கிழமை காலையில் தோட்டக்கார மாலியை அனுப்பி, நம் வீட்டு முன்னால் இருக்கும் 'கச்ரா'வை, அதாவது குப்பையை எல்லாம் வெட்டச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு ஜெனிபர்தான் எனக்குச் சொன்னாள். லீவு போட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியைப் பாத்திக்கு நடுவில் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மாலி வந்தார், என்னைப் பார்த்தார், பீடி பற்றவைத்துக்கொண்டு கர்னலைக் கூப்பிடப் போனார்.

கர்னல் ஒரே சத்தம். உங்களால் மொத்தக் கட்டடத்துக்கும் மானக்கேடு என்றார். எனக்கு மராத்தியில் சண்டை போடத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ரிக்‌ஷாக்காரரிடமே வாயைத் திறக்காமல் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறவன். அதனால் உள்ளே போய் உன் படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்தேன். நடப்பட்டது முதல் வாடியது வரை அதே பாத்தி. மேல் மாடிகளில் இருந்தெல்லாம் ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். யார் வரைந்தது என்று கேட்டார்கள். "மாஜி பாய்கோ" என்றேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன், என் மனைவி, என் மனைவி என்று. அன்றைக்கு என் கால் தரையில் நிற்கவில்லை ரெனிட்டா. சம்பள உயர்வு வந்தபோதுகூட நான் அப்படி நெஞ்சை நிமிர்த்தியதில்லை.

கர்னல் குனிந்து, பூ தொங்கும் படத்தை மூக்கு இடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். இந்தத் தண்டு காற்றில் ஒடிந்ததா, கிளி உட்கார்ந்து ஒடிந்ததா என்று கேட்டார். கிளி என்றேன். அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லிவிட்டு மாலியைத் தன் ரோஜாப் பக்கம் அழைத்துப் போய்விட்டார். போட்டியில் நமக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. லிஃப்டில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. போகட்டும்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். ஒரு உதிரிபாகத்தில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் சிவப்புப் பெட்டியில் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன். கல்யாணமான புதிதில் உன் படங்களைப் பார்த்து, நல்ல பூவாக நாலு வரையக் கூடாதா என்று நான்தான் கேட்டேன். கிளி கொத்தித் தின்ற பூவில் ஒவ்வொரு குழியையும், அதில் ஊரும் எறும்பையும் நீ பொறுமையாக வரைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு அப்படிக் கேட்க வாய் வரவில்லை.

இனி சொல்வதைக் கேட்டு என் மேல் கோபப்படாதே. நேற்று வனஜா அத்தையோடு பேசினேன். நீ சமைக்கிறாயாம், துணி துவைக்கிறாயாம், மருந்துக்கு அலைகிறாயாம். ஆனால் மாமாவின் பக்கத்தில் உட்காருவதில்லையாம். கஞ்சி கொடுக்கும்போதுகூட ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கொடுக்கிறாயாம். "அவரு வாசலயே பாத்துட்டுக் கெடக்காரு மாப்ள" என்று சொல்லி அத்தை அழுதார்.

கிறிஸ்துமசுக்கு மாமா இங்கே வந்திருந்தபோது நீ கடைக்குப் போன நேரத்தில் அந்தப் படங்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு என் தோளைத் தட்டி, "எம் பிள்ள எதையும் ஒதுக்க மாட்டா மாப்ள" என்றார். உன்னிடம் சொன்னால் தலைக்கனம் வந்துவிடும் என்று என்னையும் சொல்லவிடவில்லை. இப்போது நான் சொல்லிவிட்டேன்.

அருண்ராஜிடம் உன் பெரிய வரைநோட்டும் பென்சில்களும் கொடுத்திருக்கிறேன். மாமாவுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார். கோணிய வாயைக் கோணியபடியே வரை. அசையாத கையை அசையாதபடியே வரை. நீ அவரைப் பார்க்கிறாய் என்று அவருக்குத் தெரியட்டும். பாத்தியை நினைத்துக் கவலைப்படாதே, நான் இருக்கிறேன். சூரியகாந்தி அடுத்த வருடமும் பூக்கும், வாடும். அதற்கு ஒன்றும் அவசரமில்லை.

மாமாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல். அத்தைக்கும் சொல். கர்த்தர் உன் கை நடுங்காமல் காப்பாராக. நடுங்கினாலும் வரை.

என்றும் உன்,
ஆஸ்டின்