மீனாவை அனுப்பிய நாள்

1934, ஆவணி 14, வியாழன். பிரிக்பீல்ட்ஸ்.

இன்று மீனாவைக் கிள்ளானில் இருக்கும் அவள் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மூன்று வயதுப் பிள்ளை. என் மனைவி செல்லம்தான் அப்படிச் செய்யச் சொன்னாள். ஒரு வருஷமாக அவளுடைய கைகால்கள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்து வருகின்றன. நரம்புக் கோளாறு என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஏன் வந்தது, எதில் போய் நிற்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. போன வாரம் குழாயடியில் பிள்ளையைத் தூக்கும்போது கை நழுவிவிட்டது. பிள்ளைக்கு நெற்றியில் நல்ல காயம். அன்றிலிருந்து, "அக்காகிட்ட விட்டுடலாங்க, என்னால புடிக்க முடியல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் அவளுடைய அக்கா வந்தார். செல்லத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். ரிக்‌ஷாவில் ஏறியதும் மீனா, "அம்மா, கை காட்டும்மா" என்றாள். செல்லத்தின் கை மடியைவிட்டு எழவே இல்லை.

ஸ்டேஷன் வரை நானும் போனேன். வழியில் மீனா கேட்டாள்: "அப்பா, அம்மாவுக்கு என் மேல கோவமா?"

"இல்லடா, கை வலிக்குது" என்றேன். அவள் நம்பவில்லை. ரயில் நகர்ந்தபோது என்னைக்கூடப் பார்க்காமல் பெரியம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் செல்லம், "புள்ள அழுதாளா? ஏதாச்சும் கேட்டாளா?" என்றாள்.

"ஒண்ணும் கேக்கல. ரயிலப் பாத்ததும் சிரிச்சா."

"அது போதுங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, துடைத்துவிடச் சொல்லி ஈரமான முகத்தை என் பக்கம் திருப்பினாள்.