புங்கமரம் வரைக்கும்

என் அன்பு அண்ணி விருத்தாம்பாளுக்கு,

அண்ணி என்று எழுதியதும் நீ முறைப்பது தெரிகிறது. ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, இதில் என்னை அண்ணி என்று கூப்பிட்டுக் கிழவியாக்காதே என்று எத்தனை தரம் சண்டை போட்டிருப்பாய். என் அண்ணனுக்கு நீ முறைப்பெண், பின்னே நான் எப்படிக் கூப்பிடுவது? நீ மட்டும் சும்மாவா இருந்தாய். கோபம் வந்தால் நாலு பேர் கேட்கிற மாதிரி "நாத்தனாரே" என்று கூப்பிட்டு என் மானத்தை வாங்கினாய்.

கோடை முடிந்துவிட்டது, அண்ணி. முந்திரித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலமானால் காற்று மணிமுத்தாற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. ஒரு மழைகூடப் பெய்தது. முந்திரிக்கொட்டை உடைத்த கறை என் உள்ளங்கையில் அப்படியே இருக்கிறது, அங்கங்கே தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக. பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு யார் கை ரொம்பக் கறுப்பு என்று எல்லோரும் நீட்டிப் பார்ப்போமே. போன வருஷம் நீதான் ஜெயித்தாய். இந்த வருஷம் யார் ஜெயித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

சித்திரை முழுக்க நாம் எவ்வளவு ஆட்டம் போட்டோம். காலையில் கொட்டை உடைப்பது, மத்தியானம் ஆற்றுக்குள் இறங்கி ஊற்றுத் தோண்டுவது, தண்ணீர் தெளிகிற வரைக்கும் ஊர்க்கதை பேசிவிட்டுக் கையால் அள்ளிக் குடிப்பது. வெயில் தாழ்ந்தால் பீங்கான் பொம்மை செய்கிற செராமிக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற உடைசல் குவியல். காது போன கப்பு, சூளையில் வெடித்த ஜாடி மூடி, தலை மட்டும் இருக்கிற பொம்மை, எல்லாம் நமக்குச் சொத்து. வழவழவென்று அஞ்சு சில்லு பொறுக்கிக் கல்லாங்காய் ஆடுவோம். வாட்ச்மேன் விரட்டினால் நீ சிரித்துக்கொண்டே நிற்பாய். நான் முதலில் ஓடிவிடுவேன்.

சூளையில் வேலை பார்க்கிற என் அண்ணன் அந்தக் கிளியைக் கொடுத்தனுப்பியதும் அப்போதுதான். உள்ளங்கை அளவு பச்சைக் கிளி, ஒரு கண் வைத்திருந்தது, இன்னொரு கண் வைக்க மறந்து சூளைக்குப் போய்விட்டது. வீணாகத்தான் கிடக்கிறது, உன் அத்தை மகளிடம் கொடு என்றான், மூஞ்சியைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு. நீ வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒத்தக் கண்ணு கிளியக் குடுத்தே காரியத்த முடிச்சிடலாம்னு பாக்கறாரா ஒங்க அண்ணன்?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு அதை உன் தாவணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்ததை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தாய்?

பதினொன்றாம் வகுப்பில் ஜன்னல் பெஞ்சைப் பிடித்துவிட வேண்டும் என்று பேசிவைத்திருந்தோம். அங்கே உட்கார்ந்தால் திருச்சிக்குப் போகிற ரயில் புகை தெரியும். அந்த வருஷத்தோடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ரெண்டு பேரும் டீச்சர் டிரெய்னிங். அதற்குப் பிறகு ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்கூலில் வேலை. எல்லாவற்றையும் நீதான் முடிவு செய்தாய், நான் தலையாட்டினேன்.

ரெண்டு பேர் என்பதுதானே நம் படிப்பே. நாம் வயசுக்கு வந்ததும் அப்பா புத்தகப் பையை எடுத்துப் பரண்மேல் போட்டது நினைவிருக்கிறதா? ஊரில் மற்ற பெண்களெல்லாம் அத்தோடு நின்றுபோனார்கள். உங்கள் அம்மாதான் வந்து தன் அண்ணனோடு மல்லுக்கட்டினாள். கடைசியில் அப்பா இறங்கிவந்து ஒரு நிபந்தனை போட்டார். "ரெண்டு பேரா போவணும், ரெண்டு பேரா வரணும். ஒருத்தி நின்னா இன்னொருத்தியும் நிக்கணும்." நமக்கு அன்றைக்குத் தீபாவளி. அந்த நிபந்தனையை நாம் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

உனக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு லீவு. என் காலில் முள் தைத்தால் உனக்கு லீவு. மாங்காய் காலத்தில் உனக்குத் திடீர் திடீரென்று வயிற்றுவலி வந்ததை என்ன சொல்ல. முதலில் திட்டிய டீச்சருக்கும் போகப்போகப் பழகிவிட்டது. புத்தகம்கூட ஒரே செட்டுதானே நமக்கு. தமிழும் சரித்திரமும் என் வீட்டில், கணக்கும் சயின்ஸும் உன் வீட்டில், சாயங்காலம் மாற்றிக்கொள்வோம். இந்த வருஷத்துக்கும் அப்படித்தான் பழைய செட்டு ஒன்று வாங்கி, பழுப்புத் தாளில் அட்டை போட்டு, பங்கு பிரித்தோம். சோற்றுப் பசை காய்வதற்குள் நீ படுத்துவிட்டாய்.

முதலில் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்கூல் திறப்பதற்குள் எழுந்துவிடு அண்ணி, இல்லாவிட்டால் எனக்கும் லீவு போட்டுவிடுவார்கள் என்று கேலி பேசினேன். நீ சிரித்தாய். நாம் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான். உனக்கு அப்போதே தெரியுமா?

கல்யாணமாகாத பெண் என்று உன்னை எரிக்கவில்லை, புதைத்தார்கள். ஆற்றங்கரை இடுகாட்டில், நம் பள்ளிக்கூடப் பாதையில், புங்கமரத்துக்கு எதிரே. அந்த இடம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கைகோத்து ஓடுவோமே, அதே இடம். பொம்பளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று எங்களை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் வாசல் வரைக்கும்தான் உன்னோடு வந்தேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கியது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானே போய் அப்பாவிடம் கேட்டேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் கண் கலங்கிவிட்டது. "தொணைக்கி யாரு இருக்கா சொல்லு? ஒன்ன ஒண்டியா ஆத்தங்கர வழியா அனுப்பிட்டு நான் எப்புடி வூட்ல இருக்கறது?" என்றார். செராமிக்கில் பொம்மைக்குக் கண் வைக்கப் பெண்கள் கூட்டமாகப் போய்க் கூட்டமாக வருகிறார்கள், அங்கே துணைக்குப் பஞ்சமில்லை என்று அம்மா சொன்னாள். படிப்புக்கு இல்லாத துணை பொம்மைக்குக் கிடைக்கிறது, பார்.

திறக்கிற அன்றைக்கு விடிந்ததும் உங்கள் அம்மா வந்து வாசலில் நின்றாள். தலை வாரி, வெளியூர் போகும்போது கட்டுகிற புடவையைக் கட்டி, தோளில் உன் பையை மாட்டியிருந்தாள். உன் காரியம் முடிந்ததிலிருந்து அத்தை வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அப்பா பதறி எழுந்தார். "நான் கூட்டிட்டுப் போயி கூட்டியாரேன் அண்ணே. ரெண்டு பேராதான போறம்" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? நான் கண் மூடித் திறப்பதற்குள் ரெட்டைச் சடை பின்னிக்கொண்டேன். ஒன்று மேலே, ஒன்று கீழே, கோணல். அன்றைக்கு அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நீ போனதற்குப் பிறகு நான் சந்தோஷமாக இருந்தது அந்தக் காலை நேரம்தான். என்னைக் கோபித்துக்கொள்ளாதே.

வழியெல்லாம் அத்தை கேட்டுக்கொண்டே வந்தாள். இங்கே என்ன பேசுவீர்கள், எந்த மரத்தில் கொடுக்காப்புளி அடிப்பீர்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவீர்களா என்று. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். புங்கமரம் வந்தது. எதிரே உன் மேடு. அதன் தலைமாட்டில் வெயில் பட்டு என்னமோ பளபளத்தது. அந்தக் கிளி, அண்ணி. உன் பெட்டியிலிருந்து யார் எடுத்தது, யார் கொண்டுபோய் வைத்தது என்று நான் கேட்கவில்லை. அண்ணன் யாரோடும் பேசுவதில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டான்.

அத்தை பாதையை விட்டு உள்ளே போகவில்லை. மரத்தடியில் உட்கார்ந்தாள், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்றாள். நானும் உட்கார்ந்தேன். செராமிக் கம்பெனிச் சங்கு ஊதியது. அந்த நேரத்துக்கு நாம் பாலத்தில் இருப்போம். அத்தை இங்கேயே இருக்கட்டும், நான் ஓடிவிடுகிறேன் என்று எழுந்தேன். தனியாக விட மாட்டேன் என்று அவளும் எழுந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பாலம் வரைக்கும் வந்தாள். பாலத்தில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"அவ அங்க தனியா இருக்காளேடி கொளஞ்சி. ஒன்னயும் தனியா வுட முடியாது. நான் என்னாடி பண்ணுவேன்?"

அத்தை அழவில்லை. கணக்கில் எங்கே தப்பு என்று டீச்சரிடம் கேட்பது போலத்தான் கேட்டாள். உனக்குத் தெரியுமா அதற்குப் பதில்? கையை உதறிக்கொண்டு ஓடியிருந்தால் நான் முதல் பீரியடுக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். முடியவில்லை. ரெண்டு பேரும் மரத்தடிக்கே திரும்பினோம்.

சாயங்காலச் சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போனோம். ஸ்கூல் எப்படி என்று அப்பா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "நல்லா இருந்துச்சு அண்ணே. நல்லா சொல்லிக் குடுக்கறாங்க" என்றாள். அவள் முகத்தில் பொய் சொல்கிற களையே இல்லை. மறுநாள் விடியும்போது பையோடு வாசலில் நின்றாள்.

அன்றையிலிருந்து இப்படித்தான் நடக்கிறது. உன் பங்குப் புத்தகம் அத்தை தோளில், என் பங்கு என் தோளில், முழு செட்டும் மரத்தடிக்கு வந்து சேர்கிறது. அத்தை படிக்கச் சொல்வாள். சத்தமாகப் படி, அவளுக்கும் கேட்கட்டும் என்பாள். தமிழ் பரவாயில்லை, சரித்திரமும் ஓடிவிடுகிறது. கணக்குதான் நிற்கிறது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் ரெண்டாவது பாடத்திலேயே மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது நீதானே. மத்தியானம் சோற்றை மூன்றாகப் பிரித்து உன் பங்கைப் பூவரசு இலையில் வைப்போம். காக்கைக்கு இப்போது நம் சாப்பாட்டு நேரம் தெரிந்துவிட்டது. கொஞ்சம் தாமதமானால் மரத்திலிருந்து கத்தித் திட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சந்தைக்குப் போனபோது நம் வகுப்பு ரோஸ்லினைப் பார்த்தேன். அம்மா மிளகாய் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஜன்னல் பெஞ்சை டவுன் பெண்கள் பிடித்துவிட்டார்களாம். முதல் நாள் டீச்சர் உன் பெயரைக் கூப்பிடாமல் சிவப்பு மையால் அடித்துவிட்டார்களாம். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்களாம். நான் இல்லை. கொளஞ்சி ஏன் வரவில்லை என்று டீச்சர் கேட்டதும், பின் பெஞ்சிலிருந்து யாரோ பழக்கத்தில் சொல்லிவிட்டார்களாம், "விருத்தா வரல டீச்சர், அதான் அவளும் வரல" என்று. ரோஸ்லின் அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. சரியாகத்தானே சொல்லியிருக்கிறார்கள்.

மாதக் கடைசிக்குள் வராவிட்டால் என் பெயரையும் எடுத்துவிடுவார்களாம். அதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

படுத்தால் தூக்கம் வராமல் இதையே யோசிக்கிறேன். உண்மையைச் சொன்னால் அப்பா அத்தையை வீட்டோடு நிறுத்திவிடுவார். பெண் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் பேசும். என்னைச் செராமிக்குக்கு அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அண்ணி. பாலத்தைத் தாண்டி நான் இனிமேல் புத்தகப் பையோடு போகப் போவதில்லை. டீச்சர் டிரெய்னிங், ரயில் புகை, ஒரே ஸ்கூலில் வேலை எல்லாம் உன்னோடு போயிற்று. உன்மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது. வயிற்றுவலி என்று பொய் சொல்லி என்னையும் சேர்த்து லீவு போடவைத்த ஆள்தானே நீ. இந்த லீவையும் நீயே முடித்துவைக்கக் கூடாதா?

எனக்குக் கிடைக்காதது போகட்டும், அத்தைக்கு இருப்பதாவது இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். காலையில் தலை வாரிப் புறப்படுவதற்கு அவளுக்கு வேறு காரணம் கிடையாது. என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதாகவே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். பெயரை எடுத்த பிறகும் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஊருக்குத் தெரிந்து யாராவது தடுக்கிற நாள் வரைக்கும், ரெட்டைச் சடை பின்னிப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். உன் அம்மாவை உன்னிடம் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு, பத்திரமாகத் திரும்பக் கூட்டிப்போவதும் என் பொறுப்பு. இது உன்மேல் சத்தியம். ரெண்டு பேராகப் போய் ரெண்டு பேராக வருவோம், அப்பா சொன்னபடியே.

நீ வராததால் லீவில் இருக்கும்
உன் நாத்தனார்,
கொளஞ்சி